நல்லதுக்கா, கெட்டதுக்கா

சவரிராயனின் குரலைக் கேட்காதவர் திண்டிவனத்தில் இல்லை. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தாரானால் பால் கறக்கிற மாடுகூடக் காலை மாற்றி வைக்காமல் நிற்கும். தேர்பவனி, கட்சிக் கூட்டம், ஆடித் தள்ளுபடி, யாராவது பெரிய மனிதர் செத்துப்போன சேதி, எல்லாம் அந்த ஒரே தொண்டைதான். காலையில் ஒரு கட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, மாலையில் அதே கட்சிக்குப் பொன்னான வாக்குகளைக் கேட்டுக்கொண்டு வருவார். இதில் ஒரு சேதி இருக்கிறது என்று ராஜாமணிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பிரியம் வைத்தவனுக்குக் காது மட்டும்தான் கேட்கும்.

ராஜாமணி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவரோடு டூட்டிக்கு வந்து, அவர் ரிட்டயர் ஆனதும் கிட்னியில் போய் உட்கார்ந்துகொண்டது. சவரிராயனுக்குப் பிரஷர். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில், அடுத்தடுத்த கட்டிலில், காலை ஷிப்ட். கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் வெளியே போகும், மெஷின் அதைக் கழுவும், இன்னொன்று வழியாகத் திரும்ப வரும். அது முடியும்வரை அசைய முடியாது. அசைய முடியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் ஒன்று சண்டை வரும், இல்லையானால் சிநேகிதம் வரும். இவர்களுக்கு இரண்டும் வந்தது.

சண்டை ஒரு வார்த்தையால் வந்தது. சவரிராயன் அந்த இடத்தைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார். அவர் அப்பா சொன்னது, தாத்தா சொன்னது. ராஜாமணிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் ரத்தம் கொதிக்கும். மெஷினில் ஓடுகிற ரத்தம் வேறு.

"தர்மம் இன்னாய்யா தர்மம்? நீ வாங்குற தீப்பெட்டியில வரி இருக்குது. உன் ஆட்டோ குடிக்கிற டீசல்ல வரி இருக்குது. நாம கைநீட்டி வாங்கல. கைநீட்டிக் குடுத்துட்டுத்தான் வந்து படுத்துக்கினு இருக்கிறோம்."

"சரிப்பா, உன் ஆஸ்பத்திரி" என்பார் சவரிராயன். "ஒரு நல்ல தலகாணி போடச் சொல்லு மொதலாளி."

வார்டே சிரிக்கும். தண்ணீர்கூட அளந்து குடிக்கிற அந்த ஜனங்களைச் சிரிக்க வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அமல்ராணி சிஸ்டர் ஊசி குத்த வரும்போது, "அன்பார்ந்த நரம்புகளே, சிஸ்டர் வருகிறார், ஓடி ஒளியாதீர்" என்று சவரிராயன் அறிவிப்புச் செய்வார். ராஜாமணியின் மனைவி கெங்கம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்தே இட்லி கட்டி அனுப்புவாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். இவர்கள் பங்குபோட்டுத் தின்றதெல்லாம் உப்பில்லாத இட்லி. அதனால்தானோ என்னவோ.

அந்தப் பிரிவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் உண்டு. கட்டில் கிடைக்காதவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது அன்றைக்கு உடம்பு ஒத்துவராமல் கட்டில் காலியானால் தங்களுக்குக் கிடைக்காதா என்ற நப்பாசை. கிடைக்காவிட்டால் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டும். அந்த பெஞ்சில் மரக்காணம் பக்கத்திலிருந்து வருகிற பானுப்ரியா என்ற பெண்ணும் உண்டு. பிள்ளை பெற்றபோது வந்த பிரஷரில் கிட்னி போனது. பால்குடி மறக்காத குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். வீங்கின முகத்தோடு, யாரையும் எதுவும் கேட்காமல், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். போகும்போது, "வர்றேங்க மாமா" என்று ராஜாமணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போவாள்.

வேடிக்கை என்னவென்றால் மெஷின் இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆனால் எல்லா மெஷினும் உறை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். காலை ஒரு ஷிப்ட், மத்தியானம் ஒரு ஷிப்ட். மூன்றாவதாகச் சாயங்கால ஷிப்ட் ஒன்று போட, ஒரு டெக்னீஷியனும் ஒரு நர்சும் வேண்டும். இரண்டு பேர் சம்பளம், அவ்வளவுதான். மெஷின் வாங்க மேலே இருப்பவர்களுக்கு மனசு வரும், ரிப்பன் வெட்டலாம். சம்பளத்துக்கு எந்த ரிப்பனை வெட்டுவது? டிரைவர் போடாமல் டிப்போவில் நிறுத்திவைத்த பஸ்தான் ராஜாமணிக்கு நினைவுக்கு வந்தது. அவர்தான் மனு எழுதினார். கையெழுத்து வாங்கினார். விழுப்புரத்துக்கு எத்தனையோ முறை அலைந்தார். பேச வேண்டிய இடத்திலெல்லாம் சவரிராயன் பேசினார். அந்தக் குரல் ஒரு அறைக்குள் புகுந்தால் ஃபைல் பார்க்கிறவன்கூட நிமிர்ந்து பார்ப்பான்.

"மனுவோட ஒரு போட்டோ வெச்சாதான்யா மதிப்பான்" என்றும் சவரிராயனே யோசனை சொன்னார். பெஞ்சில் இருந்தவர்களைப் போட்டோ எடுக்கலாம் என்றால் ஆளாளுக்கு முகத்தை மூடிக்கொண்டார்கள். கடைசியில் ராஜாமணியே படுத்தார். அவருக்குக் கட்டில் உண்டு, பெஞ்சில் படுக்க வேண்டிய தலையெழுத்து இல்லை. ஆனாலும் படுத்தார்.

"சட்டைப் பித்தானக் கழட்டு. வாயத் தொறந்துக்கோ. இன்னும் கொஞ்சம், ஈ போற மாதிரி. ஆங், அப்படியே இரு" என்று சவரிராயன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

அதைப் பார்த்துப் பானுப்ரியா சிரித்தாள். அவள் சிரித்து ராஜாமணி பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனி மாதம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை நேரில் வந்து, தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பார். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரையும் அன்றைக்கு வந்து உட்காரச் சொன்னார் ராஜாமணி. பேசப்போவது சவரிராயன். கட்டில் பானுப்ரியாவுக்குக் கிடைத்த மாதிரிதான் என்று கெங்கம்மாளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை சவரிராயன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

மற்ற இடத்தில் ஒரு ஆள் இரண்டு நாள் வராவிட்டால் ஊருக்குப் போயிருப்பான் என்பார்கள். அந்த வார்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். யாரும் எதுவுமே கேட்க மாட்டார்கள். அமல்ராணி சிஸ்டர் கட்டிலின் விரிப்பை மாற்றிவிட்டு, பெஞ்சிலிருந்து வரிசையில் முதலாவதாக இருந்தவரைக் கூப்பிட்டுப் படுக்க வைத்தார். ராஜாமணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மெஷின் கழற்றிய கையோடு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பூட்டு. வெள்ளை வேன் ஒன்று வந்ததாம், விடியற்காலையில் கைத்தாங்கலாக ஏற்றி விழுப்புரம் பக்கம் கொண்டுபோனார்களாம். அதற்குமேல் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ராஜாமணி விழுப்புரம் போக வேண்டியிருந்தது. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆபீசில் நேரில் போய், செத்துப்போகவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். உயிரோடிருப்பதற்குச் சாட்சி சொல்லப் போகிற வழியில்தான் அது கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முக்கில் ஒரு பெரிய பிளெக்ஸ். அதில் சவரிராயன். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர் மாதிரி வட்டம். மேலே வேப்பங்கிளை மறைத்தது போக 'இறைவ' என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன. கீழ்ப்பாதியைப் பழவண்டிக்காரனின் தார்ப்பாய் மறைத்திருந்தது. மறைந்ததைப் படிக்க வேண்டுமா என்ன? 'இறைவனடி சேர்ந்தார்' என்று ராஜாமணியே படித்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குள்ளேயே அழுதுவிட்டார். எத்தனையோ பேர் அழுததைப் பார்த்து, டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தவர். இன்றைக்கு இந்தக் கண்டக்டர் பையன், "இன்னா பெரியவரே, இன்னா ஆச்சி?" என்று கேட்டபோது, "எங்காளு போயிட்டான்பா" என்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெண்டாட்டி தவிர இன்னொரு உயிருக்காக இப்படி அழமுடியும் என்று அவருக்கே தெரியாது.

இறங்கி நேராகப் பூக்கடைக்குப் போனார். பூ கட்டுகிற அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டாள். பூக்காரர்கள் கேட்டுத்தான் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாலை வேறு, சாவுக்குக் கட்டுகிற மாலை வேறு.

"கெட்டதுக்கும்மா. நல்லதாவே குடு."

சம்பங்கியில் கனமான ஒரு மாலையை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்தார். எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிட்டார்களா, கல்லறை எங்கே, எல்லாம் பிளெக்ஸின் அடியில் போட்டிருக்கும். கிட்டே வந்ததும் கிளை மறைத்திருந்த மேல்வரியும் தெரிந்தது; தார்ப்பாயைத் தூக்கிவிட்டுக் குனிந்து மீதியையும் படித்தார்.

'இறைவனுக்கு நன்றி. எனக்கு மறுவாழ்வு கிடைத்தது. டயாலிசிஸ் பயனாளி திரு. சவரிராயன், திண்டிவனம்.' அதற்குக் கீழே, நெடுஞ்சாலையோரம் புதிதாக எழும்பியிருந்த தனியார் ஆஸ்பத்திரியின் பெயர். முகப்பெல்லாம் கண்ணாடியாக இருப்பதால் ஜனங்கள் அதைக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்பார்கள். காப்பீட்டு அட்டை ஏற்கப்படும். காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கே இலவச வேன் வரும். கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். வலது பக்கம் 'இன்று': ஏசி அறையில், சாய்வுக் கட்டிலில், டி.வி. பார்த்தபடி சவரிராயன். இடது பக்கம் 'அன்று': அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில், சட்டைப் பித்தான் கழன்று, ஈ போகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒரு கிழவன்.

அந்தக் கிழவன் ராஜாமணி.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். மனுஷ மனசின் வெட்கங்கெட்டதனம் அது. ஆள் சாகவில்லை, சவரி சாகவில்லை என்று நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. அது அடங்குவதற்குள், செத்தவனின் குரலே பின்னாலிருந்து வந்தது. ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அன்பார்ந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பொதுமக்களே! தர்மாஸ்பத்திரி பெஞ்சிலே தவம் கிடந்த காலம் போதும்..."

வார்த்தையை விடவில்லை பாருங்கள். பதிவுசெய்து கொடுத்த பேச்சிலும் தர்மாஸ்பத்திரி என்றே சொல்லியிருந்தார். அதைத்தான் ராஜாமணியால் தாங்க முடியவில்லை. அவன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனதை மன்னித்துவிடலாம். உயிர் யாருக்கும் வெல்லம். ஆனால் இருக்கிற இடத்தைச் சரிசெய்வதற்காக எடுத்த படத்தை, அந்த இடத்தின் மேலேயே காறித் துப்ப எடுத்துக் கொடுத்திருக்கிறானே. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இது கழுத்தை நீட்டச் சொல்லி, வாயையும் திறக்கச் சொல்லி, போட்டோ பிடித்துக்கொண்டு அறுத்தது.

கையில் மாலை கனத்தது. கெட்டதுக்கென்று சொல்லி வாங்கிய மாலையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சாமிக்குப் போட முடியாது. திருப்பிக் கொடுத்தால் எந்தப் பூக்காரியும் தொட மாட்டாள். நடுரோட்டில் போட்டால் மிதிபடும், அதுவும் பாவம். யாருக்கென்று வாங்கினோமோ அவருக்குத்தான் போட்டாக வேண்டும். ராஜாமணி பழவண்டிக்காரனின் முக்காலியைக் கேட்டு வாங்கி, மேலே ஏறி, பிளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கம்பில் மாலையை மாட்டி, சவரிராயனின் கழுத்தில் சரியாகத் தொங்குமாறு இழுத்துவிட்டார். இறங்கி ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஆபீசுக்குப் போய்த் தான் உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

மாலை போட்ட பிளெக்ஸை ஊர் ஒரே மாதிரிதான் படிக்கும். பொழுது சாய்வதற்குள் சவரிராயன் செத்துப்போன சேதி முகையூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள்வரை போய்விட்டது. இத்தனை பேர் சாவை ஊருக்குச் சொன்னவரின் சாவைச் சொல்ல ஒரு மைக்கும் தேவைப்படவில்லை. மாலை போட்டவரின் அடையாளத்தைப் பழவண்டிக்காரன் சொல்லியிருந்தான். அணைத்து வைத்திருந்த போன் அதற்குப் பிறகுதான் உயிர் பெற்று ராஜாமணியைக் கூப்பிட்டது.

வீட்டில் பெண்டாட்டி அழுகிறாள், தங்கச்சி ஒப்பாரி வைத்துக்கொண்டு வேனில் கிளம்பிவிட்டாள் என்று சவரிராயன் முதலில் குதித்தார். பிறகு தணிந்தார். மகன் ஆண்டோவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். படிச்சிட்டு வீட்டோடு கிடந்த பிள்ளை. இருக்க அங்கேயே பக்கத்தில் வீடும் பார்த்துக் கொடுத்தார்கள். குரல் மட்டும் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். படம் ஏதாவது இருக்கிறதா என்றார்கள், செல்லில் இருந்ததைக் காட்டினேன், அவன்களே எடுத்துக்கொண்டார்கள். காப்பீட்டுக் கார்டு இருக்கும்போது எங்கே படுத்தால் என்ன என்றும் கேட்டார்.

"அந்தக் கார்டுப் பணமும் நம்ம பணந்தான் சவரி" என்றார் ராஜாமணி. "நீ இங்க படுத்தா அது இந்த ஆஸ்பத்திரிக்கி வரும். அதுல ஒரு நர்சப் போடலாம். அங்க படுத்தா கண்ணாடி தொடைக்கப் போகும்."

"நீ பென்ஷன்காரன்யா. உனக்கு நாயம் பேச முடியும். எனக்குச் செத்துடுவேன்னு பயமா இருக்குது."

பயம் பொய்யில்லை என்று ராஜாமணிக்குத் தெரியும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். வியாழக்கிழமை அதிகாரி வருகிறார், வந்து பேசு. எங்கே படுத்தாலும் சரி, அந்தப் பொண்ணுக்காக வந்து பேசிவிட்டுப் போ.

"மாதா மேல சத்தியம். காலைல வாசல்ல நிப்பேன்" என்றார் சவரிராயன்.

ராஜாமணி நம்பினார். பட்டும் புத்தி வராத மனுஷன். மாலையை மாட்டிவிட்டு வந்த அன்றைக்கே மறுபடியும் நம்பினார்.

வியாழக்கிழமை அவருடைய முறை. அதிகாரி வந்தபோது ராஜாமணி இரண்டு ஊசியோடு கட்டிலில் கிடந்தார். பெஞ்ச் நிறைந்திருக்கிறதா என்று அமல்ராணி சிஸ்டரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். சிஸ்டர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கெட்டவர் மாதிரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஒவ்வொரு கட்டிலாக விசாரித்தார், ராஜாமணியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெஞ்சில யாருமே இல்லீங்களே பெரியவரே" என்றார்.

விடியற்காலையிலேயே வேன் வந்துவிட்டிருந்தது. ஆண்டோ ஓட்டிய வேன். பெஞ்சில் இருந்தவர்கள் யார் யார், எந்தத் தெரு, யார் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும், எல்லாம் சவரிராயனுக்கு மனப்பாடம். கட்டில் உள்ளவர்களை அவர்கள் தொடவில்லை. காத்திருந்தவர்களை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பானுப்ரியாவையும். அவளைக் குறை சொல்ல முடியுமா? வாசலில் வண்டி வந்து நின்று, இன்றைக்கே போடுகிறோம் என்றால் மூச்சு வாங்குகிறவள் ஏறத்தான் செய்வாள்.

அதிகாரி தன் செல்போனை ராஜாமணியின் முகத்துக்கு நேரே பிடித்தார். விழுப்புரம் முக்கில் இருந்த பிளெக்ஸ்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"மனுவுலயும் நீங்க. அவங்க பேனர்லயும் நீங்க. இந்த மனுவ யாருக்காகக் குடுத்தீங்க பெரியவரே?"

ராஜாமணிக்கு எழுந்து உட்கார வேண்டும் போலிருந்தது. கை கட்டுண்டு கிடந்தது. படுத்தபடியே சொன்னார்.

"சார், நான் கண்டக்டரா இருந்தவன். எங்க வண்டிக்கி கொஞ்சம் முன்னாடி தனியார் வண்டி வரும். ஸ்டாப்ல நிக்கிற ஜனத்தப் பூரா ஏத்திக்கினு போயிடும். பின்னாடியே நாங்க காலியா வருவோம். கலெக்ஷன் இல்லன்னு எங்க ட்ரிப்ப கட் பண்ணுவாங்க. கட் பண்ணின மறுமாசம் அந்த வண்டி ஊருக்குள்ளயே வராது, மெயின் ரோட்டோட போயிடும். ஜனம் நடுரோட்டுல நிக்கும். இன்னிக்கி பெஞ்ச் காலியா இருக்குதுன்னு ட்ரிப்ப கட் பண்ணிடாதீங்க சார்."

அதிகாரி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றே ராஜாமணிக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் குரல் கேட்டது. காலையில் வாசலில் நிற்பேன் என்றாரே, சொன்னபடி குரல் மட்டும் வந்து நின்றது.

"அன்பார்ந்த பொதுமக்களே! தர்மாஸ்பத்திரி பெஞ்சிலே தவம் கிடந்த காலம் போதும்..."

ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு தலை திரும்பியது. அந்தக் குரலுக்காகத்தான் இத்தனை நாளும் சிரித்த தலைகள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. அதிகாரி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, "பாக்கலாம் பெரியவரே, உடம்பப் பாத்துக்குங்க" என்று எழுந்தார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கண்டக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதிய தேவை இல்லாததால் மூன்றாவது ஷிப்ட் தற்போது அவசியமில்லை என்று ஆவணிக்குள் பதில் வந்துவிட்டது. சாயங்காலங்களில் மெஷின்கள் உறை போட்டுக்கொண்டு வழக்கம்போல நின்றன.

ஐப்பசி மழை ஆரம்பித்தபோது வேன் நின்றது. டீசலுக்குக் கட்டுப்படியாகவில்லையாம், நீங்களே வந்துவிடுங்கள் என்றார்கள். வந்தார்கள். அடுத்து, கார்டுக்கு அரசாங்கத்திலிருந்து பணம் சரியாக வருவதில்லை, இனிமேல் கையிலிருந்து கட்டுகிறவர்களுக்குத்தான் என்றார்கள். ராஜாமணி கட்டிலில் கிடந்தபடி சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. அதில் அவருக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. மெயின் ரோட்டோடு போன வண்டி போயே போனது. அதிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பழைய பெஞ்சுக்குத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவள் பானுப்ரியா. பழைய இடத்தில், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியாகச் சவரிராயன் வந்தார். ஒரு சனிக்கிழமை, ராஜாமணி மெஷினை விட்டு இறங்கி, கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலிரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடி ஆஸ்பத்திரியில் கேட்ட பணத்தை ஆண்டோவின் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொண்டும் கட்ட முடியவில்லையாம். அதன் பிறகு ஆண்டோவுக்கு அங்கே வேலையும் இல்லை. மூச்சு வாங்கியதில் அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு கட்டில் காலியாகப் போகிறது, மத்தியான ஷிப்டில் இருக்கிற ஒருவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போகிறார் என்று சவரிராயன் கேள்விப்பட்டிருந்தார். வரிசையில் முதலில் இருப்பது பானுப்ரியா. அவள் சின்ன வயசுக்காரி, தாங்குவாள். நீ சொன்னால் சிஸ்டர் கேட்பார், எனக்கு முதலில் போடச் சொல் என்று ராஜாமணியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சின் நுனியில் அவள் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்தும் விழாதது மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டேன் சவரி" என்றார் ராஜாமணி. "அவதான் மொதல்ல. நீ வரிசைல உக்காரு. சாயங்கால ஷிப்ட் இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்கும்."

சவரிராயன் பிடித்த வேட்டியை விடவில்லை. அந்த மாலை நினைவுக்கு வந்ததோ என்னவோ.

"நான் செத்துட்டேன்னு நெனச்சி அழுதியாமே. பஸ்ஸுல எல்லாரும் பாத்தாங்களாமே."

"அழுதேன்."

"நெஜமாவே நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சின்னா வருவியா ராஜா?"

ராஜாமணி வேட்டியை மெதுவாக விடுவித்துக்கொண்டார். பஞ்சைத் திருப்பிப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது.

"மாலை வாங்கிக்கினு வருவேன். கெட்டதுக்குன்னு சொல்லித்தான் வாங்குவேன். ஆனா அழுகை வராது சவரி. உனக்குன்னு வெச்சிருந்தத அன்னிக்கே பூராவும் அழுது முடிச்சிட்டேன்."

பானுப்ரியா எழுந்து, "வர்றேங்க மாமா" என்றாள். மழை விட்டிருந்தது. புதுச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவளோடு பேசிக்கொண்டே ராஜாமணி வாசல்வரை நடந்தார்.